மஞ்சள் காமாலை என்று சொன்னேன்

என் தந்தை பெருங்குடல் புற்றுநோயில் இறந்தார். மஞ்சள் காமாலையில் இறந்தார் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். தங்கை வசந்தாவிடமும் அதையே சொன்னேன்.

அவளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். புற்றுநோய் வந்த வீட்டில் பெண் எடுக்கத் தயங்குவார்கள் என்று பயந்தேன். சென்னையில் சிகிச்சையின்போது அப்பாவுடன் இருந்தது அம்மாவும் நானும் மட்டும். பொய் எளிதாக நின்றது, கல்யாணமும் நடந்தது. ஆனால் புகுந்த வீட்டில் காமாலை என்றால் குடி என்று எடுத்துக்கொண்டார்கள். மதுவைத் தொடாத மனிதரின் மகளைக் குடிகாரன் மகள் என்று குத்திக்காட்டினார்கள். அப்பா வேலை நிமித்தம் பத்ராவதியில் தனியாக இருந்தவர் என்பதால் அவளாலும் உறுதியாக மறுக்க முடியவில்லை. எனக்கு இது தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

எழுபது வயதைத் தாண்டியபின் எனக்கு மலத்தில் இரத்தம் போனது. மூலம் என்று நினைத்துச் சில மாதங்களை வீணாக்கினேன். கொலனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியே செலுத்திப் பெருங்குடலைப் பார்ப்பது) கட்டியைக் காட்டியது. குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றேன். நாக்கு பழகியிருந்தது. உங்களிடமும் இதே கேள்வியைக் கேட்பார்கள். தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பின், வெட்டியெடுத்த கட்டியின் சோதனை முடிவோடு அதே மருத்துவர் என் படுக்கையருகே வந்தார். மைசூர்ப் பெண், தமிழை நிதானமாகப் பேசுவார்.

“சார், அப்பா எதில போனாருன்னு சொன்னீங்க?”

“ஜாண்டிஸ்.”

“இந்தக் கட்டி வேற சொல்லுதே. யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுக்காக மட்டும் கேக்கலை.”

சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து விளக்கினார்.

ஒரு செல் இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ.வை (உடலின் செய்முறை எழுதப்பட்ட இரட்டை இழை) முழுவதுமாக நகல் எடுக்கிறது. கோடிக்கணக்கான எழுத்துகள், சில தவறிவிடும். பின்னாலேயே சில புரதங்கள் இழையைத் தடவிப் பார்த்துக்கொண்டு வருகின்றன. பொருந்தாத எழுத்தைக் கண்டால், எது பழைய இழை, எது புதியது என்று அறிந்து, புதியதில் அந்தத் துண்டை வெட்டியெறியச் செய்கின்றன. பழையதைப் பார்த்து அந்த இடம் திரும்ப எழுதப்படுகிறது. இதைப் படிக்கும் உங்கள் உடலிலும் இப்போது அது நடக்கிறது.

அப்படியொரு புரதத்துக்கான மரபணு நமக்கு இரண்டு பிரதிகளாக வருகிறது. எனக்கு அப்பாவிடமிருந்து வந்த பிரதி பழுதானது. அம்மா தந்த ஒன்று மட்டுமே எழுபது ஆண்டுகள் தனியாக உழைத்திருக்கிறது, நான் தூங்கியபோதும் பொய் சொன்னபோதும். கடைசியில் குடலின் ஏதோ ஒரு செல்லில் அதுவும் கெட, பிழைகள் குவிந்தன. இதைக் கேட்டு எனக்குப் பயம் வரவில்லை. நோய் ஏன் வந்தது என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவன், இத்தனை காலம் எப்படி வராமல் இருந்தது என்று பிரமித்துப்போனேன்.

வசந்தாவுக்கும் அந்தப் பழுது இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு என்றார் மருத்துவர்.

உடம்பு தேறியதும் அல்சூரில் அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நோயைப் பற்றிக் கேட்கவில்லை.

“அப்பா குடிக்கலையா?”

“தொட்டதே இல்லம்மா.”

உள்ளே திரும்பிக் கணவரைக் கூப்பிட்டாள். அவர் வந்து நின்றார். “இவர் எதிர்லயும் சொல்லுண்ணா” என்றாள். சொன்னேன்.

அவளுக்கும் அந்தப் பழுது இருந்தது. குடலில் பாலிப்கள் (உட்சுவரில் முளைக்கும் சிறு சதைகள்). ஒன்று புற்றாகும் தறுவாயில் இருந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் என்னைப் பார்த்து, “என் உயிரக் காப்பாத்திட்ட, சரி. அப்பா பேர?” என்றாள்.

மாமியார் இறந்து வெகு காலமாகிவிட்டது. நாத்தனார் வீட்டுக்கு இருவரும் போனோம். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார். காபி கொடுத்தார். “விடுங்கண்ணா. அந்தக் காலத்து ஆம்பளைங்க யாருதான் குடிக்கல” என்றார்.

செல்லில் திருத்தத்துக்குக் கெடு உண்டு. அடுத்த நகல் எடுக்குமுன் திருத்தாவிட்டால், பிழையே மூலப்பிரதியாகிவிடும்; பிறகு எந்தப் புரதத்துக்கும் அது பிழையாகத் தெரியாது.

ஆட்டோவில் திரும்பினோம். இறங்கும்போது வசந்தா, அடுத்த கொலனோஸ்கோபிக்கு இரண்டு பேருக்கும் ஒரே நாளில் நேரம் வாங்கச் சொன்னாள்.