சிவப்பு வெந்நீர்ப் பை

தொண்ணூறுகளின் கடைசியில் ஆம்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நான் நர்ஸ். ஒரு மார்கழியில், ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிற பெண்ணொருத்தி முதல் பிரசவத்துக்கு வந்தாள். கணவனுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை, சோல் ஒட்டுவது. பெண் குழந்தை பிறந்தது. இடுப்பு வலிக்கிறது என்று அவள் சொன்னதுமே அவன் ஓடிப்போய், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நிற்கும் தள்ளுவண்டியில் ஒரு வெந்நீர்ப் பை வாங்கி வந்தான். பளிச்சென்ற சிவப்பு ரப்பர். மெடிக்கல் ஷாப் விலையில் பாதிகூட இல்லை என்று பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் காட்டினான்.

மறுநாள் காலையில் குழந்தையைக் குளிப்பாட்டத் தூக்கி வந்திருந்தேன். வார்டிலிருந்து அலறல் கேட்டது. குழந்தையை ஆயாம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். பையின் ஓரம் பிளந்து வெந்நீர் முழுவதும் அவள் தொடையில் கொட்டியிருந்தது. குழந்தையை எப்போதும் அந்தப் பக்கம்தான் போட்டிருப்போம்.

தண்ணீர் ஊற்றி, மருந்து வைத்துக் கட்டுப்போட்டு முடித்தபோது அவன் வந்தான். கிழிந்த பையை எடுத்து ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தான்.

“ஒட்டவே இல்ல சிஸ்டர். சும்மா வெச்சு அழுத்தியிருக்கானுங்க. தினம் இதே வேலைதான செய்றேன், என் கண்ணுக்குத் தெரியலயே.” சுவரோரம் உட்கார்ந்து அழுதான்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: “அழுவாத. பாப்பா மேல படல இல்ல? போய் அந்தாள விக்க வேணாம்னு சொல்லு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவனுக்கு இருந்த கோபத்தில் தனியாக அனுப்பப் பயந்து, நைட் டூட்டி முடிந்ததும் நானும் கூடப் போனேன்.

வண்டிக்காரர் வயதான பாய். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை செய்து கையெல்லாம் வெந்துபோன பிறகு இந்த வியாபாரத்துக்கு வந்தவர்.

“நானா செஞ்சேன் சிஸ்டர்? மெட்ராஸ்லேர்ந்து மூட்டையா வாங்கியாறேன். காலங்காத்தால இன்னா பேஜாரு இது?” என்றார்.

அவன் சண்டை போடவில்லை. பக்கத்து டீக்கடையில் வெந்நீர் வாங்கி, வண்டியில் இருந்த இரண்டு புதுப் பைகளில் ஊற்றி மூடினான். பலகை மேல் வைத்து அழுத்தினான். ஒன்று தாங்கியது. மற்றதன் ஓரத்திலிருந்து நீர் கசிந்து ஓடியது.

பாய் கசிந்த ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: “பேரணாம்பட்டுல என் பொண்ணுக்கும் ஒண்ணு குடுத்தனுப்பிச்சேன். கைக்கொழந்தக்காரி.” வண்டியை டீக்கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, புறப்பட்டுக்கொண்டிருந்த பஸ்ஸை நோக்கி ஓடினார். செருப்பு ஒன்று கழன்று விழுந்ததைக்கூட எடுக்கவில்லை.

அடுத்த நாள் வார்டு வாசலில் வந்து நின்றார். மீதிப் பைகளை எல்லாம் கத்தியால் கிழித்துவிட்டதாக என்னிடம் சொன்னார். உள்ளே வரத் தயங்கினார். கட்டிலில் இருந்தவள்தான் கேட்டாள்.

“உங்க பொண்ணு நல்லாருக்காங்களா பாய்?”

“ஆணியிலேயே மாட்டி வெச்சிருந்தாம்மா. எடுக்கவே இல்ல.” சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். கணவன் எழுந்து ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினான்.

காயம் ஆற நாளானது, தழும்பு நின்றுவிட்டது. அதன் பிறகும் அந்த மாதிரிப் பைகள் வேறு வேறு நிறங்களில் வார்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தன. கொண்டு வருகிறவர்களைத் திட்ட எனக்கு மனம் வந்ததில்லை. வலிக்கிறவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றுதானே வாங்கி வருகிறார்கள்.