கங்கம்மாளைப் பிடித்தது எது

1969 மார்கழியில் ஒரு காலை. பழவேற்காடு ஏரியோரக் குப்பத்தில், முந்தின நாள் கழற்றிப் போட்ட உள்பாவாடையைக் கங்கம்மாள் எடுத்தபோது, அது எறும்பு மொய்த்துக் கறுத்துக் கிடந்தது. பக்கத்திலேயே கிடந்த கணவன் செங்கல்வராயனின் வேட்டியில் ஒன்றுகூட இல்லை. கொல்லைப்புற மணலில் அவள் ஒதுங்கிய இடத்துக்கும் எறும்புகள் சாரை சாரையாக வந்துகொண்டிருந்தன.

மூன்று மாதமாகவே உடம்புக்குள் ஏதோ புகுந்துகொண்டதுபோல இருந்தது. பிறப்புறுப்பில் தாளாத அரிப்பு. ஒன்றுக்குப் போனால் எரிச்சல். துணியில் தயிர்த் திப்பியாக வெள்ளை படும்; நாற்றம் மட்டும் இல்லை. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு ஒட்டியது. இடுப்பளவு ஏரியில் நின்று கையால் இறால் தடவுகிறவள் அவள். இப்போதெல்லாம் தண்ணீருக்குள் யாரோ சேலை முனையைப் பிடித்து இழுப்பதுபோல இருந்தது. செங்கல்வராயனின் முதல் மனைவி மணியம்மாள் முழுகிப் போனதும் அந்த இடத்தில்தான்.

"மூத்தாதான் வந்துக்கினு கீறா," என்றாள் மாமியார் தாயாரம்மாள். "இல்லாங்காட்டி எறும்பு எதுக்கு உன்ன மட்டும் தேடினு வருது?"

மாமியார் சொன்னபடி உப்பும் மஞ்சளும் கரைத்துக் கழுவினாள். அலறல் நாலு குடிசை தாண்டிக் கேட்டது. அன்றிலிருந்து செங்கல்வராயன் படகிலேயே படுத்துக்கொண்டான்.

தாங்க முடியாமல் பொன்னேரிக்குப் பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஜானகியம்மாள் திரை மறைவில் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டாள்: "நீ ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு வருதா?"

கங்கம்மாள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். குப்பத்தைத் தாண்டாத சேதி இது.

"நர்ஸம்மா, உங்களுக்கும் அவ தெரியறாளா?"

ஜானகியம்மாள் குழாயிலிருந்த நீல மருந்தில் கங்கம்மாளின் சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு நெருப்பில் காட்டினாள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் குழம்பியது. கங்கம்மாள் கும்பிட்டாள்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. உனக்குச் சக்கர வியாதி. ஒண்ணுக்குல சக்கர போவுது, எறும்பு அதத் தேடித்தான் வருது. சக்கர ஏறினா அந்த எடத்துல பூசணம் பூக்கும். அதான் இந்த அரிப்பு."

டாக்டரும் பார்த்தார். சர்க்கரைக்கு மாத்திரை, பூசணத்துக்குப் பதினாலு நாள் உள்ளே வைக்கிற மாத்திரை.

"அரிப்பு நின்னாலும் நடுவுல வுடாத," என்றாள் ஜானகியம்மாள். "உப்பு, மஞ்சள், சோப்பு எதுவும் உள்ள போவக் கூடாது. வெளிய மட்டும் வெறுந்தண்ணில கழுவு. ஏரியிலேர்ந்து ஏறின உடனே ஈரத்துணிய மாத்து. ஈரம்னா அதுக்குக் கொண்டாட்டம்."

நாலாம் நாள் எரிச்சல் தணிந்தது. பதினாலாம் நாள் அரிப்பே இல்லை. மறுபடி ஏரியில் இறங்கினாள். சேலை முனை லேசாக இழுபட்டது. கையை விட்டுத் துழாவினாள், வெறும் தண்ணீர். இறாலைத் தடவிக்கொண்டே நகர்ந்தாள்.

சர்க்கரை கடைசிவரை விடவில்லை. அதற்கான மாத்திரையை நிறுத்திய இரண்டு முறையும் அரிப்பு திரும்பியது. இரண்டு முறையும் தானே பொன்னேரிக்குப் போனாள்.

ஐந்து வருஷம் கழித்து, பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் தனக்கும் வெள்ளை படுவதாகக் காதோடு சொன்னாள். கங்கம்மாள் தன் மாத்திரையைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. நேரே ஜானகியம்மாளிடம் அழைத்துப் போனாள். குப்பம்மாளுக்குப் பட்டது மஞ்சளாக, நாற்றத்தோடு இருந்தது. அது வேறு சீக்கு, மருந்தும் வேறு, புருஷனும் சாப்பிட வேண்டும் என்றார்கள். அவள் புருஷன் தேசப்பன் மூன்று நாள் முறைத்துக்கொண்டு திரிந்தான். நாலாம் நாள் பொன்னேரிக்குப் பஸ் ஏறினான்.