முனீஸ்வரி கழுவிய எஞ்சின்

ஒரு ஆம்பளை எஞ்சினைப் பற்றிப் பேசினால் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் சேர்ந்துவிட்டால் முனீஸ்வரிக்கு மண்டையிடி வந்துவிடும்.

ராஜபாளையத்தில் கபீர் பாய் பட்டறையில் சாமான் கழுவுவது அவள் வேலை. பஞ்சு மில்லில் இருந்தவள்; மில்லை மூடியதும் இங்கே சேர்ந்தாள். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வருகிறாள். எஞ்சினைப் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துளைகளில் கம்பி விட்டுக் குத்தி, காற்றடித்து வைப்பாள். அவள் கழுவியதைப் பாய் மறுபடி பார்க்கமாட்டார். அந்தப் பேர் ஒன்றுதான் அவள் சேர்த்து வைத்த சொத்து.

அன்றைக்கு அதற்குத்தான் வேட்டு வைத்தார்கள்.

பேண்டேஜ் துணிக்குத் தறி போட்டிருக்கும் சங்கரலிங்கம் அண்ணாச்சியின் பழைய மோரிஸ் கார், எஞ்சின் வேலை முடிந்து நின்றது. பாய் எடுத்ததும் ஓடவிடமாட்டார். பிளக்குகளைக் கழற்றி, மேல்மூடியைத் திறந்து வைத்து, செல்ஃப் மோட்டாரை மட்டும் அடித்து எஞ்சினைச் சுற்றுவார். கீழே உள்ள எண்ணெய் ஏறி, மேலே வால்வுகளைத் தட்டும் ராக்கர்களில் கசிவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். காய்ந்த ராக்கரோடு ஓட்டினால் அத்தனையும் தேய்ந்து நாசமாகிவிடும்.

சுற்றினார், சுற்றினார். செல்ஃப் கதறியதுதான் மிச்சம். ஒரு சொட்டு ஏறவில்லை.

"எண்ணெய்ப் பம்பு நல்லாத்தான் இருக்கு. பிரஷர் காட்டுதே," என்றார் பாய்.

"அப்ப வழியில அடைப்பு. கழுவுனது யாரு?" என்று அண்ணாச்சி எடுத்துக் கொடுத்தார்.

பாய் ராக்கர் வரிசையைக் கழற்றி, எண்ணெய் ஏறும் துளைக்குள் கம்பியை விட்டுச் சுரண்டினார். பஞ்சு வந்தது.

மில்லில் இருந்தவள் கழுவிய எஞ்சினில் பஞ்சு! இதற்குமேல் சாட்சி வேண்டுமா அந்த இரண்டு மகாராசன்களுக்கு?

"ஏம்மா, வெளங்குமா இது? மில்லுப் பழக்கத்தை இங்க வந்து காட்டுதியா? நாளையிலேருந்து நின்னுக்கோ." பாய் போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையில் ஆட்கள் எழுந்து பார்த்தார்கள்.

ஆத்திரத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. அழுதால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று பல்லைக் கடித்தாள்.

"நான் கழுவி மேசையில வைக்கும்போது ஓட்டை சுத்தமா இருந்துச்சு பாய். பொறவு அதத் தொட்டது யாரு?"

அண்ணாச்சி மீசையைத் தடவினார். "தெறந்து கெடந்துச்சு. தூசி போயிரப்பிடாதேன்னு நாந்தான் செத்த பஞ்சு வச்சேன். மாட்டும்போது எடுத்துருவீகன்னு நெனச்சேன். நல்லதுக்குத்தான செஞ்சேன்?"

"சொல்லியிருக்கலாம்ல அண்ணாச்சி," என்றார் பாய், அத்தனை பணிவாக. வண்டிக்காரரிடம் மட்டும் தொண்டை தானாக இறங்கிவிடுகிறது. முனீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

துளையைச் சுத்தம் செய்து, மாட்டி, மறுபடி சுற்றினார்கள். ஒவ்வொரு ராக்கராக எண்ணெய் ஊறி வழிந்தது. பிளக்கைப் போட்டதும் எஞ்சின் சத்தமில்லாமல் ஓடியது. அய்யனார் கோவில் வரைக்கும் ஓட்டிப் பார்ப்போமா என்று ஆம்பளைகள் இரண்டு பேரும் கொஞ்சிக்கொண்டார்கள். எண்ணெய்க் கையைத் துடைத்தபடியே பாய், "முனீஸ்வரி, நாளைக்கு வெள்ளன வந்துரு. ஆலங்குளத்து வண்டி ஒண்ணு வருது," என்றார்.

"நின்னுக்கோன்னீகளே?"

"அது கோவத்துல வந்துருச்சு. விடும்மா."

"விடுதேன். போன்னு சொன்னது டீக்கடை வரைக்கும் கேட்டுச்சு பாய். வான்னு சொல்லுறது எனக்கே சரியாக் கேக்கலை."

பாய் அண்ணாச்சியைப் பார்த்தார். டீக்கடையைப் பார்த்தார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, அங்கேயே நின்றாள். பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"முனீஸ்வரி, தப்பு உன்மேல இல்ல. நாளைக்கு வேலைக்கு வா."

டீக்கடையில் ஆட்கள் மறுபடி எழுந்து பார்த்தார்கள்.

"வாரேன்," என்றாள்.