இறக்கைக்கு எடுத்த துணி

என் அக்கா புருஷனுக்கு லிப்ட் மெக்கானிக் வேலை. பெரிய கட்டடத்தில் லிப்ட் பாதியில் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டித் தட்டிக் கத்திக்கொண்டிருப்பார்கள். மாமா நிதானமாகப் படியேறி மோட்டார் அறைக்குப் போவார். கயிற்றைத் தொட்டுப் பார்ப்பார், பிரேக்கைப் பார்ப்பார், திரும்பவும் கயிற்றைப் பார்ப்பார். வியர்த்து ஒழுக வெளியே வந்தவன் வாய்க்கு வந்தபடி திட்டினால், "முழுசா வந்திருக்கீங்கள்ல, போயிட்டு வாங்க" என்பார். அவரைப் போல நல்ல மனுஷரை நான் பார்த்ததில்லை. அவரைப் போல என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவரும் வேறு யாரும் இல்லை.

லிப்டில் ஒரு கயிறு போதும் என்கிற இடத்தில் நாலைந்து கயிறு போடுவார்கள். அந்தத் தொழிலில் அதுதான் முறை, குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த முறையை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அவர் அடித்த அலமாரியை நகர்த்த ஆள் பிடிக்க வேண்டும். மொட்டைமாடியில் துணி காயப்போடும் கொடிகூட லிப்ட் கம்பிதான். "யானையத் துவைச்சுக் காயப்போடப் போறீங்களா?" என்று அக்கா கேட்பாள்.

அக்கா பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினாள். எந்த நாட்டையும் புத்தகத்தைப் பார்க்காமல் ஒரே இழுப்பில் கரும்பலகையில் வரைந்துவிடுவாள். மாமா வீட்டிலும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

விமானக் கிறுக்கு மாமாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே பிடித்திருந்தது. ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் சின்ன விமானங்கள் ஓட்டுகிற கிளப் உண்டு. அங்கே சேர்ந்து ஓட்டக் கற்று உரிமமும் வாங்கினார். அதோடு விட்டிருக்கலாம். மைதானத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, வரைபடம் வரவழைத்து, இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைத் தன் கையாலேயே கட்ட ஆரம்பித்தார். அலுமினியக் குழாயில் உடம்பு. மெல்லிய மரச் சட்டங்களில் இறக்கை. விடுமுறை நாள் எல்லாம் அங்கேதான் கழிந்தது.

இறக்கையின் சட்டங்கள் முடிந்து, மேலே துணி போர்த்துவது மட்டும் பாக்கியிருந்த சமயத்தில் அக்காவுக்குக் கண்ணில் கோளாறு வந்தது. கதவு நிலையில் இடித்துக்கொள்வாள். பக்கத்தில் வந்து நிற்கிறவர்களைப் பார்க்க மாட்டாள். பரிசோதித்த டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "ஓரத்துல இருந்து பார்வை சுருங்கிட்டே வரும்மா. இதுக்கு மருந்து கிடையாது. எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கும்னு என்னால சொல்ல முடியல."

என் வேனில்தான் வீட்டுக்குத் திரும்பினோம். பாதி வழியில் அக்கா மாமா பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, உங்க விமானத்துல என்னைக் கூட்டிட்டுப் போவீங்களா? காலமெல்லாம் மேல இருந்து பாத்த மாதிரியே மேப் போட்டிருக்கேன். நம்ம வீட்ட நிஜமாவே மேல இருந்து பாக்கணும். ஒரே ஒரு தடவை போதும்."

"கண்டிப்பாக் கூட்டிட்டுப் போறேன் டீச்சர்" என்றார் மாமா.

கிளப்பில் வேறு விமானங்கள் சும்மாதானே நிற்கின்றன, ஒன்றை இரவல் கேட்டு நாளைக்கே கூட்டிப் போகலாமே என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "எவனோ கட்டினதுல உங்கக்காவ ஏத்தச் சொல்றியா மாப்ள? எங்க என்ன முடுக்கியிருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அக்காவும் அவர் பக்கமே சாய்ந்தாள். "அவரு கட்டினதுலயே போறேன்டா" என்றாள்.

கடையிலிருந்து துணி மாதிரிகள் வந்தன. இந்தத் துணியைச் சட்டங்களின் மேல் பசை போட்டு ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால் சுருங்கி விறைத்துக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு சட்டத்தோடும் சேர்த்துத் தைத்து, வெயில் தின்றுவிடாமல் இருக்க மேலே வெள்ளிப் பூச்சு அடிக்க வேண்டும். பூச்சு என் வேலை. நான் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன்.

அக்கா மாதிரித் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். இருப்பதிலேயே மெல்லிசான ஒன்றை எடுத்து, "இதுவே நல்லா இருக்குங்க. இதையே போட்டுடுங்க" என்றாள். வரைபடத்திலும் அந்தத் துணியைத்தான் போட்டிருந்தது.

"இது கைக்குட்டை கணக்கா இருக்கு டீச்சர். இத நம்பி உன்ன எப்படி மேல கூட்டிட்டுப் போறது?" என்றார் மாமா.

அங்கே பிடித்தது சனியன். எல்லா மாதிரியிலும் பட்டை பட்டையாகக் கிழித்து மொட்டைமாடிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். ஒரு கோடை முழுக்கக் காய்ந்தபின் இழுத்துப் பார்த்தார். எல்லாமே பழைய காகிதம் போலக் கிழிந்தன. பூச்சு இல்லாமல் வெயிலில் போட்டால் எந்தத் துணிதான் கிழியாது? சொன்னால், "பூச்சு உரிஞ்சு போச்சுன்னா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். மணல் மூட்டையை வைத்துப் பார்த்தார். குடைக்கம்பியால் குத்திப் பார்த்தார். மழை முடியட்டும் என்றார். மழை முடிந்ததும் வேறு கடையில் வேறு மாதிரிகள் கேட்டார்.

அதற்குள் அக்கா கரும்பலகையில் வரைவதை நிறுத்தியிருந்தாள். ஒரு பக்கக் கடற்கரையைப் போட்டுவிட்டு மறுபக்கத்தைத் தேடித் தடவிக்கொண்டு நின்றாளாம். பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை என்று அவளே சொன்னாள். அந்த வருஷமே வேலையை விட்டுவிட்டாள். மாமாவை அவசரப்படுத்தி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"மாமா, விமானத்துக்குத் துணி எடுக்கிறீங்களா, இல்ல கோட்டைக்கு மதில் கட்டுறீங்களா? அக்காவுக்குக் கண்ணு தெரியுறப்பவே கூட்டிட்டுப் போங்க."

அவர் கோபப்படவில்லை. "லிப்டுல ஒரு கயிறு அறுந்தா இன்னொண்ணு பிடிச்சுக்கும் மாப்ள. அங்க மேல என்ன இருக்கு? இந்தத் துணி மட்டும்தான் இருக்கு. உள்ள யாரு உக்காரப் போறா?" என்றார்.

கடைசியில் இதைவிடக் கனமான விமானங்களுக்குப் போடுகிற தடித்த துணியை வாங்கிவந்தார். கிளப்பில் இருந்த பெரியவர் ஒருவர், இந்த மரத்துக்கு இது அதிகம் என்று சொல்லத்தான் செய்தார். மாமா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டதோடு சரி.

போர்த்திய அன்று நாங்கள் மூவரும் கொட்டகையில் இருந்தோம். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேர் எதிரில் இருப்பது மட்டும் அவளுக்கு இன்னும் தெரிந்தது. மாமா இஸ்திரிப் பெட்டியை இழுத்துக்கொண்டு போகப் போக, துணியின் சுருக்கங்கள் எல்லாம் மறைந்தன. தட்டினால் டம் டம் என்று கேட்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. அதோடு கையை எடுத்திருந்தால் ஒருவேளை தப்பித்திருக்கும். எதற்கும் இருக்கட்டும் என்று சூட்டைக் கூட்டி இன்னொரு சுற்று ஓட்டினார்.

டக்கென்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. தடித்த துணி சுருங்குகிற வேகத்தை அந்த மெல்லிய மரம் தாங்கவில்லை. இறக்கையின் பின்விளிம்பு சட்டத்துக்குச் சட்டம் உள்வாங்கி நெளிந்தது. உள்ளே ஒவ்வொன்றாக ஒடிந்தன.

"என்னங்க சத்தம்?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல டீச்சர்" என்றார். சூடான பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். பிறகு, "ஒடைஞ்சு போச்சு டீச்சர்" என்றார்.

துணியைக் கிழித்தெடுத்து, ஒடிந்ததை எல்லாம் கழற்றிவிட்டு, முதலிலிருந்து தொடங்கினார். வேலைக்குப் போய்வந்த நேரம் போக மீதி நேரம் எல்லாம் கொட்டகைதான். சாப்பாட்டை நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். இறக்கை எழும்பி வருவதற்குள் ஒருநாள் காலையில், ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா, "கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டாள். வெயில் அவள் மடியில் விழுந்துகொண்டிருந்தது. மின்விசிறியும் சுற்றிக்கொண்டிருந்தது. மாமா எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் அவர் கடைக்குப் போய், அக்கா முதல் நாள் கையில் எடுத்த அதே மெல்லிசுத் துணியை வாங்கிவந்தார். சோதனை எதுவும் செய்யவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இதை அன்றைக்கே செய்திருந்தால் என்ன?

இந்த முறை இஸ்திரி போட்டபோது ஒன்றும் ஒடியவில்லை. அப்புறம் தையல். இறக்கையை நிமிர்த்தி வைத்து, இந்தப் பக்கம் ஒருவர் நீள ஊசியைக் குத்தி அனுப்ப, அந்தப் பக்கம் இருப்பவர் வாங்கித் திருப்பி அனுப்ப வேண்டும். நான் உட்காரப் போனேன். "நான் பண்றேன்டா" என்று அக்கா உட்கார்ந்தாள். சட்டத்தை விரலால் தடவி, ஊசியை வாங்கி, சரியான இடத்தில் திருப்பிக் கொடுத்தாள். முழு இறக்கையும் அவர்கள் இருவரும் தைத்ததுதான்.

பூச்சு அடித்த அன்று கேட்டுவிட்டேன். "இனிமே போயி என்னக்கா பண்ணப் போற?"

"எனக்குத் தெரியாதுதான். அவருக்குத் தெரியும்ல. அவரு பாத்துச் சொல்லுவாரு" என்றாள்.

மாமா தனியாகச் சில தடவை ஓட்டிப் பார்த்தபின், அக்கா பறக்கிற நாள் வந்தது. அன்று காலை மொட்டைமாடிக் கம்பியில் அவள் கையாலேயே ஒரு சிவப்புப் போர்வையைத் துவைத்து விரித்திருந்தாள். விமானத்தில் ஏறும்போது மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாடியில சிவப்புப் போர்வை போட்டிருக்கேன். அத வச்சு நம்ம வீட்டக் கண்டுபிடிச்சிருங்க. சுத்தி என்ன இருக்கு, எப்படி இருக்குன்னு எல்லாத்தையும் பாத்து வைங்க. கீழ வந்து எனக்குச் சொல்லணும்" என்றாள். சரி டீச்சர், சரி டீச்சர் என்று அவர் தலையை ஆட்டினார்.

விமானம் அழகாக எழும்பியது. எங்கள் தெரு இருக்கும் பக்கம் போய், அங்கேயே வட்டமடித்தது. கீழே நின்ற எனக்கு அந்த நேரத்தில் பழைய கோபம் எல்லாம் போய்விட்டது. இத்தனைக்குப் பிறகும் அவளுக்கு ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இறங்கி வந்து நின்றதும் ஓடினேன். அக்காவின் முடி கலைந்து, முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. பெல்ட்டைக் கழற்றக்கூட இல்லை.

"சொல்லுங்க. எப்படி இருந்துச்சு நம்ம வீடு? போர்வை தெரிஞ்சுதா?"

மாமா முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க?"

"வீட்டுக்கு மேலதான் டீச்சர் சுத்தினேன்" என்றார். "ஆனா நான் கீழ பாக்கல. றெக்கையில துணி எங்கயாவது பிரியுதான்னு அதையேதான் பாத்துட்டு இருந்தேன். உன்ன வச்சுக்கிட்டு என்னால கண்ண எடுக்க முடியல."

அக்காவின் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, பிறகு போனது.

"இப்பவே இன்னொரு தடவை போலாம். இந்தத் தடவை பாக்கிறேன்" என்றார் மாமா.

"வேணாங்க. ஒரு தடவைதானே கேட்டேன். வீட்டுக்குப் போலாம்."

வீட்டுக்கு வந்ததும் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். பின்னால் நாங்கள் இருவரும் போனோம். போர்வை கம்பி நெடுகத் தொங்கியது. மாமா அதை அப்போதுதான் முதல்தடவை பார்க்கிறார்.

"இவ்வளவு பெருசாவா போட்டிருந்த?" என்றார்.

அக்கா அதன் ஓரத்தை விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துக் காய்ந்துவிட்டதா என்று பார்த்தாள்.

"இருக்கிறதுலயே பெருசாத் தேடி எடுத்துத்தாங்க போட்டேன். உங்க கண்ணுக்குத் தப்பிடக் கூடாதுன்னு" என்றபடி அதைக் கம்பியிலிருந்து உருவினாள்.