ராய்ஸ் வீட்டுக் காற்றுக்குழாய்

வெர்னாவின் வேன் தெருமுனையில் திரும்பினாலே கட்டடக்காரர்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு பரணுக்கு ஓடுவார்கள். அமெரிக்காவில், தெற்கு ஜார்ஜியாவின் அந்தப் பகுதியில் யார் புது வீடு கட்டினாலும், ஏசியின் குளிர்காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் குழாய்கள் ஒழுகவில்லை என்று அவள் சோதித்துச் சொன்னால்தான் குடிபோக முடியும். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. மெதுவாகப் பேசவும் தெரியாது. இரண்டு கணவர்கள் விட்டுப் போனதற்கு இந்த இரண்டாவது குணம்தான் காரணம் என்பது அவள் கட்சி.

அந்த ஜூலையில் தங்கை மேவிஸின் வீடு முடிந்தது. ஆள் வைக்காமல் குழாய் வேலையைத் தானே செய்திருந்தான் தங்கை புருஷன் ராய்ஸ். வெர்னா விசிறியைப் பொருத்திக் குழாய்க்குள் காற்றை அழுத்தினாள். கசிவைக் காட்டும் முள் எகிறியது.

"மாப்ள, இது குழாயா சல்லடையா?"

"டக்ட் டேப் போட்டு ஒட்டியிருக்கேன்க்கா! டக்ட்னா காத்துக்குழாய்தானே, பேர்லயே இருக்குல்ல?"

"பேர்ல இருந்து என்ன? பரண் சூட்டுல அது உரிஞ்சு விழுந்துரும். எதை வேணா ஒட்டு, டக்டை மட்டும் ஒட்டாதே. பசைதான் பூசணும்."

ராய்ஸ் நம்பவில்லை. கண்ணால் பார்த்தால்தான் அடங்குவான் என்று, நாடக மேடையில் விடும் புகையைக் குழாய்க்குள் செலுத்தினாள் வெர்னா. விளக்கு ஓட்டை, அலமாரி, கூரை இடுக்கு என்று வீடு முழுக்கப் புகைந்தது. எதிர்வீட்டுக்காரி தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டாள்.

வந்த வீரர்களில் ஒருவன் ஏணி வைத்துப் பரணுக்குள் எட்டிப் பார்த்தான். "நெருப்பெல்லாம் இல்லம்மா. ஆனா பாதிக் குழாய் அம்மணமா கெடக்கு. குளிர் வெளிய போகாம மேல சுத்துற பஞ்சையே காணோம்!"

பஞ்சு வாங்கிய ரசீதைத் தங்கை கையில் வெர்னா பார்த்திருந்தாள். எல்லோரும் ராய்ஸைப் பார்த்தார்கள். ராய்ஸ் தன் பூட்ஸைப் பார்த்தான்.

கொல்லையில் அவன் கட்டியிருந்த நாய்க்கூண்டை அப்போதுதான் மேவிஸ் திறந்தாள். நாலு சுவரிலும் வெள்ளிக் காகிதம் போர்த்திய பஞ்சு. சின்ன ஏசி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. வேட்டைநாய் ஹாமர் மல்லாந்து குறட்டை விட்டது.

"வீடு முடியுற வரைக்கும்னு நான் தகர டிரெயிலர்ல வெந்து சாவுறேன், நாய்க்கு ஊட்டியா?"

"அதுக்கு ரோமம் ஜாஸ்திடி..."

வீரர்கள் சிரிப்பை அடக்கத் தலைக்கவசத்தை இறக்கிக்கொண்டார்கள். வெர்னாவுக்கு அடக்கத் தெரியவில்லை. அவள் சிரித்ததில் ஹாமர் விழித்துக் குரைத்தது. தங்கை வீடு என்பதற்காக அவள் விட்டுக்கொடுக்கவில்லை. தேறவில்லை என்று சொல்லிவிட்டு வேனை எடுத்தாள். வழியில்தான் மேவிஸின் வியர்த்த முகம் நினைவுக்கு வந்து மனசைப் பிசைந்தது.

மறுநாள் விடுப்பு போட்டுவிட்டு, ஒரு வாளி பசையோடு வந்து நின்றாள். "ஏறு மாப்ள. பூசறது உன் வேலை. கீழ நின்னு திட்டறது என் வேலை."

ராய்ஸ் பரணில் தவழ்ந்து இடுக்கு இடுக்காகப் பூசினான். தாடியில் பசை காய்ந்து பாறையாகிவிட்டது. மேவிஸ் அதைச் சந்தோஷமாகவே சிரைத்தாள். புதுப் பஞ்சும் சுற்றிய பிறகு, வெர்னா கூட நின்ற வேலை என்பதால் வேறொரு சோதனைக்காரர் வந்து பார்த்துத் தேறியது என்றார்.

அன்று படுக்கையறையில் குளிர்ந்த காற்று இறங்கியது. மேவிஸ் கதவைச் சாத்தித் தாழிட்டு, கட்டிலில் குறுக்கே படுத்துக்கொண்டாள்.

"நான் எங்கடி படுக்கறது?" என்றான் ராய்ஸ், வெளியிலிருந்து.

"ஹாமரைக் கேட்டுப் பாரு. அவன் இடம் குடுப்பான்."