பட்டினி கிடக்காத பாத்தி

கம்மாபுரத்திலிருந்து அஞ்சலையின் மகள் சுமதி போனில் கூப்பிட்டபோது மையத்தின் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தேன். “சார், அம்மா போயிட்டாங்க. நாலு நாளா காய்ச்சலு. காலையில மூச்சு நின்னுப்போச்சி” என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உள்ளே போய் மண் பரிசோதனைக் கூடத்தில் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் அஞ்சலை வேலை பார்த்த வயலுக்கு வந்து நின்றுவிட்டோம். யாரும் கூப்பிட்டு வரவில்லை.

நெய்வேலியில் எங்கள் ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அஞ்சலையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழுப்பு நிலக்கரி எடுத்து முடித்த சுரங்கத்தை மண் போட்டு மூடுவார்கள். அந்த மண்ணில் பயிர் வருமா என்று பார்ப்பதற்காக எங்களுக்கு ஒரு சோதனை வயல் உண்டு. அங்கே கான்ட்ராக்டில் வேலைக்கு வந்தவர் அவர். அதற்கு முன் கம்மாபுரம் பக்கத்து வயல்களில் நடவு நட்டுக்கொண்டிருந்தவர். அந்த வயல்கள் சுரங்கத்துக்குப் போயின. “நெலம் வச்சிருந்தவங்க கையில பத்திரம் இருந்துச்சி சார். எங்க கையில நடவுதான் இருந்துச்சி” என்று ஒருமுறை சொன்னார். மூடிய சுரங்கத்தின்மேல் நெல் விளையவேண்டும் என்பதில் என்னைவிட அவருக்குத்தான் அவசரம்.

அவர் எங்களோடு இருந்த இந்தப் பத்தாண்டுகளை நினைத்தால் இப்போதும் எனக்குத் துள்ளத் தோன்றுகிறது! கன்வேயர் பெல்ட்டின் உருளை பழுதாவதற்கு முன்பே அதன் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் கருவியைச் செய்தோம். அனல்மின் நிலையச் சாம்பலில் கல் வார்த்தோம். சுரங்கத் தண்ணீரைக் குடிக்கும்படி சுத்தம் செய்தோம். ஒவ்வொன்றையும் அஞ்சலை வந்து பார்ப்பார். உருளைக் கருவியை அரைமணி நேரம் பார்த்துவிட்டு, “சத்தத்த கேட்டு நோவு சொல்லுதா? எங்க வூட்டுக்காரருக்கு ஒண்ணு மாட்டி வுடுங்க, எப்ப கோவம் வரும்னு தெரிஞ்சிக்கலாம்” என்றார். அந்தக் கருவியைச் செய்தவர் இன்றும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்.

என் பங்கு ஒரு கறுப்புத் திரவம். பழுப்பு நிலக்கரியிலிருந்தே பிரித்தெடுத்த சத்து. உயிரில்லாத மண்ணுக்கு அது உயிர் கொடுக்கும் என்று எனக்கு உறுதியான நம்பிக்கை. ஆறு பாத்தி பிரித்தேன். ஐந்தில் நடவுக்கு முன் திரவத்தை ஒரே தடவையாக ஊற்றினோம். ஆறாவதில் ஒன்றும் போடக்கூடாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான பாத்தி அது. இரண்டு போகம் சுமாராகத்தான் வந்தது. மூன்றாவது போகமும் சரியில்லை என்றால் சோதனையை மூடிவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

மூன்றாவது போகத்தில் ஆய்வுக்குழு வயலுக்கு வந்தது. ஐந்து பாத்திகளும் வழக்கம்போலச் சோகையாக நின்றன. ஒன்றும் போடாத ஆறாவது பாத்தி கருகருவென்று, கதிர் சாய்ந்து, மாப்பிள்ளை மாதிரி நின்றது. குழுத்தலைவர் என்னைப் பார்த்தார். “அப்படியானால் உங்கள் திரவம் தேவையே இல்லை” என்றார். ஒருவர் எழுதத் தொடங்கிவிட்டார். என் ஐந்து வருட உழைப்பு வரப்பிலேயே செத்துக்கொண்டிருந்தது.

“அய்யா, அதுல ஒண்ணும் போடலன்னு எழுதாதீங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அஞ்சலை. “இந்த போகம் நான் போட்டேன். நாத்துப் பண்ணையில இந்த மருந்து ஊத்துற கேன தெனம் சாயங்காலம் கழுவுவேன். கழுவுன தண்ணிய கீழ ஊத்த மனசு வரல. அஞ்சு பாத்தி தின்னுக்கினு இருக்குது, இது மட்டும் பட்டினியா நிக்குது. அதும் பயிருதானுங்களே.”

யாரும் அவரிடம் வேறு எதையும் கேட்கவில்லை. சோதனையைக் கெடுத்துவிட்டார் என்றார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்று ஒருவர் சிரித்தார். மறுநாளிலிருந்து அவரை அனுப்பவேண்டாம் என்று கான்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டார்கள். அவர் பேசியிராவிட்டால் என் திரவத்தின் கதை அன்றே முடிந்திருக்கும். அது தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. கேன்டீனில் ஊர்க்கதை எல்லாம் பேசுகிறவன், அங்கே பிடித்துவைத்த பிள்ளையார்போல நின்றேன்.

இரண்டு நாள் கழித்துக் குளித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. கழுவிய தண்ணீர்! தினமும் கொஞ்சம் கொஞ்சமாக! நான் ஒரே மூச்சில் ஊற்றியதெல்லாம் முதல் பாய்ச்சலிலேயே மண்ணுக்குக் கீழே இறங்கிப் போயிருக்கிறது. அவர் ஊட்டியது வேரிலேயே தங்கியிருக்கிறது. தலையைக்கூடத் துவட்டாமல் மையத்துக்கு ஓடினேன். இன்னொரு போகத்துக்கு அனுமதி வாங்குவதற்குள் தலைவரின் காலில் விழாத குறை.

ஆனால் அளவு? அது அவருடைய கைக்குத்தான் தெரியும். கம்மாபுரத்துக்குப் போனேன். முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தவர் எழுந்திருக்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன். புடைப்பதை நிறுத்திவிட்டார்.

“கோபமா அஞ்சலையம்மா?”

“கோவம் இருக்குது சார். இல்லன்னு பொய் சொல்லமாட்டேன். மொதல்ல பயிர பாப்போம், அப்பறம் கோவப்படறேன்.”

மறுவாரம் அவர் வேலைக்கு வந்தார். கேனில் எவ்வளவு தண்ணீர், எத்தனை குலுக்கு என்று அவர் செய்யச் செய்ய நான் அளந்து எழுதினேன். இந்த முறை ஒன்றும் போடாத பாத்தியைச் சுற்றி நானே கயிறு கட்டினேன். “என்னா சார், எனக்கா மாட்டுக்கா?” என்றார். அந்தப் பாத்தி வெளுத்து வாட வாட, அதைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். ஆனால் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை.

அறுவடை நாளில் மையமே வயலில் இருந்தது. ஐந்து பாத்திகளும் விளைந்து கிடந்தன. எடை போட்டவர் நம்பாமல் மறுபடி போட்டார். மூடிய சுரங்கத்தின்மேல் நெல்! கூச்சம் பார்க்காமல் வரப்பில் ஆடினேன். சேற்றில் வழுக்கி விழுந்தும் எழுந்து ஆடினேன். பரிசோதனை அறிக்கை வரும்வரை அரிசியைச் சமைக்கக்கூடாது என்றபோது, “நெல்ல அறுத்து வச்சிக்கினு சோத்துக்குக் காயிதம் வரணும்னு காத்துக்கினு இருக்கற ஆளுங்கள இங்கதான் பாக்கறேன்” என்றார் அஞ்சலை. காகிதம் வந்ததும் முதல் கவளம் அவர்தான் சாப்பிட்டார். “சோறு சோறா இருக்குது. வேற என்னா வேணும்?”

கை கழுவிவிட்டு என்னிடம் வந்தார். “இப்ப கோவப்படட்டுமா சார்?” நான் தலையாட்டினேன். “அன்னிக்கி அவ்ளோ பேரு பேசனாங்க. எனக்குத் தெரியாதவங்க, பேசிட்டுப் போறாங்க. நீங்க ஒரு வார்த்தை பேசல.” அவ்வளவுதான். மன்னித்துவிடுங்கள் என்றேன். “சரி வுடுங்க” என்று சொல்லிவிட்டு வைக்கோலை உதறப் போய்விட்டார். அதற்குப் பிறகு அதைப்பற்றி அவர் பேசியதே இல்லை.

சிறிது சிறிதாக ஊட்டும் அந்த முறை இன்று மூடிய சுரங்க மண்ணில் எங்கள் எல்லாச் சோதனைகளிலும் இருக்கிறது. அது மையத்துக்கு அவர் விட்டுப்போனது. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த வசவு.

அவருடைய காரியம் முடிந்த மறுநாள் ஓர் ஆய்வுக்கூட்டம். நிலத்தடி நீரை அளக்கும் புதிய கருவி தாறுமாறாகக் காட்டுகிறது. பம்ப் ஓட்டும் கான்ட்ராக்ட் தொழிலாளி குமரவேலின் தவறு என்று எழுதப் போனார்கள். அவர் கதவோரமாக நின்றிருந்தார். நான் எழுந்தேன்.

“எழுதாதீர்கள். அவர் என்ன செய்தார் என்று முதலில் அவரையே கேட்போம்” என்றேன். குமரவேலுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். பிறகு பேசத் தொடங்கினார்.

ஒரு வார்த்தைதான். அதைப் பேச எனக்கு இத்தனை வருடம் ஆகிவிட்டது, அஞ்சலையம்மா.