ஐந்தரை கிலோமீட்டரும் ஒரு பொய் அட்டவணையும்

டாக்குரியாவில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து அலிப்பூர் கண் மருத்துவமனைக்கு ஐந்தரை கிலோமீட்டர்தான். இதைப் பயணம் என்று சொல்லலாமா என்று எனக்கே சந்தேகம். இதே சிகிச்சைக்குக் கிளம்பப் போகிறவர்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

என் வலது கண்ணில் புரை, கூடவே கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய். இரண்டு வருடம் இரு கண்களிலும் சொட்டு மருந்து விட்டும் அழுத்தம் இறங்கவில்லை. அதனால் புரையை எடுக்கும்போதே கண்ணுக்குள் இருக்கும் நீர் வடிய ஒரு வழியும் அமைத்துவிடலாம் என்றார் மருத்துவர்.

'மருந்து விட்டும்' என்பதுதான் பொய். என் கை நடுங்கும். துளி கன்னத்தில் விழும். மனைவியிடம் கேட்கக் கூச்சம். சில வாரங்களில் மருந்து விடுவதை நிறுத்திவிட்டேன். மருந்து விட்ட வேளைகளைக் குறிக்க நானே போட்டிருந்த அட்டவணையில் டிக் போடுவதை மட்டும் நிறுத்தவில்லை. கட்டம் காலியாக இருந்தால் எனக்குப் பொறுக்காது. மாதக் கடைசியில் பாட்டிலை வாஷ்பேசினில் கவிழ்த்துவிட்டுப் புதியதைத் திறப்பேன்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 6.40க்கு டாக்ஸி. கட்டணம் 187 ரூபாய். ராஷ்பிஹாரி சந்திப்பு அந்நேரத்தில் காலியாக இருக்கும். ஏழரைக்கு மேல் போகாதீர்கள்.

"தாதூ, கண் ஆபரேஷனா? என் அம்மாவுக்குப் பத்தே நிமிஷம்," என்றார் ஓட்டுநர். இங்கே தாத்தாவைத் தாதூ என்பார்கள்.

"எனக்கு ஒரே கண்ணில் ரெண்டு," என்றேன்.

"ஒரு டிக்கெட்டுல ரெண்டு சினிமா!" என்று சிரித்தார்.

பக்கத்தில் இருந்த என் மனைவி கமலா விடவில்லை. "இவர் ஒரு வேளை மருந்து தவறினதில்ல, தம்பி. சார்ட்டே போட்டு வச்சிருக்கார்," என்று வங்காள மொழியில் பெருமையடித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

7.05க்கு மருத்துவமனை. அழுத்தம் பார்த்த மருத்துவர், கோப்பில் கமலா செருகியிருந்த அட்டவணையைப் புரட்டினார். "இவ்வளவு ஒழுங்காக விட்டும் வலது கண்ணில் அழுத்தம் முப்பத்திரண்டு, இருபத்தொன்றைத் தாண்டக் கூடாது. இடது கண்ணிலும் ஏறியிருக்கிறது. அதற்கும் அறுவை சிகிச்சைதான் போலிருக்கிறது."

நல்ல கண் அது ஒன்றுதான். "டாக்டர், நான் மருந்தே விடவில்லை. டிக் மட்டும் போட்டேன்."

அவர் பேனாவை மூடினார். "இப்போதாவது சொன்னீர்களே. வலது கண்ணில் பார்வை நரம்பு தேய்ந்துவிட்டது. இன்றைக்குச் செய்வதில் மாற்றமில்லை. இடது கண்ணுக்கு மருந்தை உண்மையாகவே விட்டுப் பார்ப்போம்."

பக்கத்து நாற்காலியில் இருந்த கமலா என்னைப் பார்க்கவில்லை. "கண்ணுல மருந்து விடுடின்னு ஒரு வார்த்தை சொன்னா நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்?" என்றாள்.

அறுவை சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் ஆனது. வலி இல்லை, வெளிச்சம் மட்டும் தெரிந்தது. மறுநாள் கட்டுப் பிரித்ததும் எதிர்ச்சுவர் எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. பார்வையின் ஓரங்களில் முன்பே இருந்த இருட்டு மட்டும் அப்படியே இருந்தது. புரை மறைத்தது திரும்பியது. நரம்போடு போனது திரும்பாது என்றார்கள். அது என் கைவேலை.

போகிறவர்களுக்கு: முந்தைய மருந்துச் சீட்டுகளைக் கொண்டுபோங்கள். திரும்பும்போது ஆட்டோ வேண்டாம், குலுக்கும். கை நடுங்கினால் முதல் நாளே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

இப்போது கமலாதான் மருந்து விடுகிறாள். நேற்று ஒரு துளி கன்னத்தில் விழுந்தது. நான் பழக்கத்தில் பேனாவை எடுத்தேன். அவள் அதை வாங்கி வைத்துவிட்டு, "இது சேர்த்தி இல்ல, அசையாம படுங்க," என்று இன்னொரு துளி விட்டாள். அது கண்ணுக்குள் விழுந்ததைப் பார்த்த பிறகுதான் டிக் போட்டாள்.